சுவரில் தொடங்கிய ஓவியம்: கர்லபாக்கத்துக் கலைஞர் கடந்துவந்த பாதை

ஏப்ரல் பிறந்துவிட்டால் நம் ஊர்களில் ஒரு வேலை தொடங்கிவிடும். காலனி முனையில் இருக்கும் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். நீலச் சாயம் கலக்குவார்கள். படம் வரையத் தெரிந்த பையன் ஊருக்கு ஒருவன் இருப்பான். அவன் கையில் பிரஷ்ஷைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் ஏணியைப் பிடித்துக்கொள்வார்கள். 14-ம் தேதி விடிவதற்குள் அண்ணல் அம்பேத்கரின் முகம் சுவரில் வந்துவிட வேண்டும். கண்ணாடியும் கோட்டும் சரியாக அமைந்துவிட்டால் ஊரே அந்தப் பையனை மெச்சும். விழா முடிந்த மறுநாள் அதே ஊர் அவனிடம் கேட்கும்: “படமெல்லாம் நல்லாத்தான் வரையிற. சோத்துக்கு என்ன பண்ணப் போற?”

கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. கூலி வேலைக்குப் போய்ப் பிள்ளையைப் படிக்கவைக்கும் வீட்டில் அந்தப் பயம் நியாயமானதுதான். இந்தப் பகுதியை எழுதுவதற்காக வேப்பம்பட்டு ரயில் நிலையத்தில் ஒரு மாலை நின்றிருந்தோம். மின்சார ரயிலிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக இறங்கினார்கள். பொறியியல், நர்சிங், பாலிடெக்னிக், பி.காம். ஓவியப் பலகையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிய ஒரு பிள்ளையையும் நாம் பார்க்கவில்லை.

ஆனால், இதே ரயில் பாதைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அப்படி ஒருவர் கிளம்பிப் போயிருக்கிறார். ஊர், ஆவடி அருகே உள்ள கர்லபாக்கம். அவர் பெயர் பா.ரஞ்சித்.

ரஜினிகாந்தை வைத்துப் படம் எடுத்த இயக்குநர் என்றுதான் பலர் அவரை அறிந்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் அவர் கவின்கலைக் கல்லூரி மாணவர். திரைப்படம், இசைக்குழு, ஆவணப்படம், மாத இதழ், பதிப்பகம், நூலகம், கண்காட்சி, கலைவிழா என்று அவர் கை வைத்த துறைகள் பல. இவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒரு மனிதர் ஏன் இத்தனை வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறார் என்று தோன்றும். ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஒரே கேள்வியைத்தான் அவர் எல்லா இடத்திலும் கேட்கிறார் என்பது புரியும். நம் தெருவை, நம் முகத்தை, நம் வாழ்வை வரைவது யார்?

சென்ட்ரலுக்கு அடுத்த படி

வேப்பம்பட்டில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சென்ட்ரல். அங்கிருந்து பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் நடந்தே போகும் தூரத்தில் செங்கல் நிறக் கட்டிடங்களோடு நிற்கிறது அரசு கவின்கலைக் கல்லூரி. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளி அது. மெரினா கடற்கரையில் நாம் பார்க்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல்வராக இருந்தவர். பாறையைப் பெயர்க்கும் நான்கு உழைப்பாளிகளின் உடம்பைக் கடற்கரையில் நிறுத்திய அந்தக் கை, பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடம் சொல்லியிருக்கிறது.

இந்தக் கல்லூரியில்தான் 1982-ல் பிறந்த ரஞ்சித் படித்தார். கோடும் வண்ணமும் அங்கே கற்றார். அதே காலத்தில் நாவல்களும் பிற நூல்களும் வாசித்தார். திரைப்பட விழாக்களுக்குப் போய் உலகப் படங்களைப் பார்த்தார். ஈரானின் மஜித் மஜிதி எடுத்த ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’, பிரேசில் நாட்டுக் குடிசைப் பகுதியைக் காட்டிய ‘சிட்டி ஆஃப் காட்’, அல்ஜீரிய விடுதலைப் போரைச் சொன்ன ‘தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்’ ஆகியவை தன்னை மிகவும் பாதித்தவை என்று அவர் சொல்லியிருக்கிறார். மூன்றும் மூன்று கண்டங்களின் படங்கள். மூன்றிலும் ஒடுக்கமான சந்து உண்டு, ஏழைக் குழந்தைகள் உண்டு. நம் காலனியும் படமாக்கத் தகுந்த இடம்தான் என்ற துணிவை ஒரு மாணவனுக்குக் கொடுக்கக்கூடிய படங்கள்.

படிப்பு முடிந்ததும் உதவி இயக்குநரானார். ‘தகப்பன்சாமி’யில் பணியாற்றினார். பிறகு லிங்குசாமி, வெங்கட் பிரபு ஆகியோரிடம் இருந்தார். அங்கே சில ஆண்டுகள் தொழில் கற்ற பிறகே முதல் படம் கைக்கு வந்தது.

நம் பேருந்து, நம் சுவர்

2012 ஆகஸ்ட் 15 அன்று ‘அட்டகத்தி’ வெளியானது. சென்னைக்கு மேற்கே, நகரமும் இல்லாத கிராமமும் இல்லாத நம் பகுதி போன்ற ஓர் ஊர்தான் களம். ஆங்கிலத்தில் தவறிவிட்டு டுடோரியலுக்குப் போகும் பையன், பேருந்துப் படிக்கட்டு, ‘ரூட் தல’ சண்டை, கானா பாலாவின் குரல். அதுவரை தமிழ்ப் படங்களில் சேரி என்றால் அழுகை இருக்கும், இல்லாவிட்டால் ரவுடி இருப்பார். இந்தப் படத்தில் சாதாரணக் காதல் தோல்வி இருந்தது, சிரிப்பு இருந்தது, வீட்டுக் குழம்பு இருந்தது. நம் வீட்டு வாசல் அப்படியே திரையில் தெரிந்தது. பெரிய வசனம் எதுவும் பேசாமலேயே அந்தப் படம் செய்த வேலை அது.

2014-ல் வந்த ‘மெட்ராஸ்’ படத்தின் நாயகன் கார்த்தி என்று சொல்வார்கள். நம்மைக் கேட்டால் நாயகன் ஒரு சுவர். வடசென்னைக் குடியிருப்பின் நடுவே நிற்கும் அந்தச் சுவரில் யாருடைய படத்தை வரைவது என்பதற்காக இரண்டு கட்சிக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் மோதுகிறார்கள். செத்துப் போவது குடியிருப்புப் பிள்ளைகள். சுவரில் சிரித்துக்கொண்டிருப்பது தலைவரின் முகம். கடைசியில் அந்த முகத்தின் மேல் நீலச் சாயம் வந்து விழுகிறது.

காலனிச் சுவரில் படம் வரைந்து பழகிய எந்தப் பிள்ளைக்கும் இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. எந்தக் கட்சிக்காரர் முதலில் வந்து சுவரை ‘ரிசர்வ்’ செய்தார் என்று சுண்ணாம்பில் எழுதிவிட்டுப் போவதைத் தேர்தலுக்குத் தேர்தல் பார்க்கிறோம். நம் தெருச் சுவர் நம்முடையதாக இல்லை என்ற உண்மையை ஓவியம் தெரிந்த ஒருவர் கதையாக்கினார்.

மராத்தியில் நாகராஜ் மஞ்சுளே எடுத்த ‘ஃபன்ட்ரி’ (2013) படத்திலும் ஒரு சுவர் வரும். பிடிபட்ட பன்றியைக் கழியில் கட்டித் தூக்கிக்கொண்டு ஒரு குடும்பம் பள்ளிக்கூடத்தைக் கடந்து போகும். பின்னால் சுவரில் அம்பேத்கரும் சாவித்ரிபாய் புலேயும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து எடுத்தது என்று சொல்ல வரவில்லை. எந்த மாநிலமானாலும் சேரிப் பிள்ளையின் முதல் ஓவியக்கூடம் சுவர்தான் என்பதைச் சொல்கிறோம்.

நிறமும் நிலமும்

கல்லூரியில் கற்ற வண்ணப் பாடம் ரஞ்சித்தின் படங்களில் கடைசி வரை உடன் வருகிறது. ‘காலா’ (2018) படத்தின் இறுதிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். முதலில் திரை முழுக்கக் கறுப்புப் பொடி பறக்கும். அடுத்துச் சிவப்பு. அதற்கடுத்து நீலம். பெரியார் இயக்கத்தின் கறுப்பும் பொதுவுடைமையின் சிவப்பும் அம்பேத்கரியத்தின் நீலமும் ஒரே கூட்டத்தின் மேல் விழுகின்றன. ஒரு மேடைப் பேச்சாளர் ஒரு மணி நேரம் பேச வேண்டிய அரசியலை மூன்று கைப்பிடி வண்ணப் பொடி சொல்லிவிடுகிறது. 1942-ல் அண்ணல் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடி நீலம் என்பதைப் பாடப்புத்தகத்தில் படிக்காத பிள்ளையும், அந்த நிறம் தன்னுடையது என்று அந்த இடத்தில் உணர்ந்துகொள்ளும்.

அதற்கு முன் ‘கபாலி’ (2016) வந்தது. முதல் காட்சியில் சிறையில் இருக்கும் நாயகன் கையில் ஒரு புத்தகம் இருக்கும். ஒய்.பி.சத்தியநாராயணா எழுதிய ‘மை ஃபாதர் பாலையா’. தெலங்கானாவின் தலித் குடும்பம் ஒன்று ரயில்வே வேலையாலும் படிப்பாலும் மூன்று தலைமுறையில் எழுந்து நின்ற வரலாறு அது. பெரிய நட்சத்திரத்தின் முதல் தோற்றத்தில் என்ன பொருளைக் கையில் கொடுப்பது என்பது சாதாரண முடிவு அல்ல. மற்றவர்கள் துப்பாக்கி கொடுத்திருப்பார்கள். அவர் புத்தகத்தைக் கொடுத்தார்.

‘காலா’வின் கதை தாராவி. ஆனால் அதன் மையமான நிலக் கேள்விக்கு வேர் நம் மாவட்டத்திலும் இருக்கிறது. இன்றைய வேப்பம்பட்டு அன்று செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லாவின் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் ஒரு அறிக்கை கொடுத்தார். ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, நிலம் கொடுத்தால் தவிர அவர்கள் நிமிர முடியாது என்பது அதன் சாரம். அதைத் தொடர்ந்து 1892-ல் பிறந்ததுதான் பஞ்சமி நில ஆணை. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனையோடு நிலங்கள் வழங்கப்பட்டன. அந்த நிலங்களில் எத்தனை இன்று யார் கையில் என்று கேட்டால் பதில் கசக்கும். வயல்கள் மனைப்பிரிவுகளாகிக்கொண்டிருக்கும் நம் பக்கத்தில் ‘நிலம் எங்கள் உரிமை’ என்று ஒரு படம் பேசியபோது, அது பம்பாய்க் கதையாக மட்டும் நமக்குத் தெரியவில்லை.

நிலத்தைப் பற்றிப் பேசியதற்கு அவர் விலையும் கொடுத்தார். 2019 ஜூனில் கும்பகோணம் அருகே திருப்பனந்தாளில், ராஜராஜ சோழன் காலத்தில் ஒடுக்கப்பட்டோரின் நிலம் பறிக்கப்பட்டது என்று பேசினார். வழக்குப் பதிவானது. முன்ஜாமீனுக்காக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டியிருந்தது. அவர் சொன்ன வரலாற்றை ஏற்கலாம், மறுக்கலாம். ஆய்வாளர்களுக்குள்ளேயே அதில் விவாதம் உண்டு. ஆனால் ‘அந்த நிலம் யாருடையது’ என்ற கேள்வி மேடையில் எழுந்தாலே எவ்வளவு கோபம் கிளம்புகிறது என்பதை நாடே பார்த்தது.

2021-ல் ‘சார்பட்டா பரம்பரை’ வடசென்னைத் துறைமுகத் தொழிலாளர்களின் குத்துச்சண்டைப் பெருமையைச் சொன்னது. 2022-ல் ‘நட்சத்திரம் நகர்கிறது’ ஒரு நாடகக் குழுவை வைத்து ஆணவக் கொலையைப் பேசியது. 2024-ல் ‘தங்கலான்’ வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போன நம் முன்னோரைத் தொன்மக் கதையாக்கியது. எல்லாப் படமும் எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. ‘தங்கலான்’ குழப்புகிறது என்றவர்கள் நம் வாசகர்களிலேயே உண்டு. பெரிய நட்சத்திரம் வந்தால் சொல்ல வந்தது நீர்த்துப்போகிறது என்ற விமர்சனமும் உண்டு. அவை நேர்மையான விமர்சனங்கள். ஆனால் ஒரு கலைஞரை அவர் எடுத்த படங்களை மட்டும் வைத்து அளந்தால் பாதிக் கணக்குத்தான் வரும்.

ஏணி பிடித்த கை

மீதிப் பாதி திரைக்கு வெளியே இருக்கிறது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற இசைக்குழு முதல்முறையாக மேடை ஏறியது. இசையமைப்பாளர் தென்மாவோடு சேர்ந்து ரஞ்சித் உருவாக்கிய குழு. பத்தொன்பது பேர். பறையும் சட்டியும் கிடாரும் ஒரே மேடையில். சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கிவைக்கப்பட்ட கானா, அரசியல் பேசிக்கொண்டு நகரத்தின் நடுவே வந்து நின்றது. குழுவின் பெயருக்குப் பின்னால் அயோத்திதாசப் பண்டிதர் இருக்கிறார். 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, நம்மைச் சாதிபேதமற்றவர்கள் என்று எழுதிவந்தவர் அவர். அந்த மேடையில் பாடிய இசைவாணியை 2020-ல் பிபிசி உலகின் 100 பெண்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. ஆண்களே பாடிவந்த கானாவில் ஒரு பெண் நின்று பாடி அடைந்த இடம் அது.

அவருடைய ‘நீலம் புரொடக்‌ஷன்ஸ்’ நிறுவனத்தின் முதல் திரைப்படம் 2018-ல் வந்த ‘பரியேறும் பெருமாள்’. இயக்கியவர் மாரி செல்வராஜ். அதன் கடைசிக் காட்சியில் மேசை மேல் இரண்டு கண்ணாடி டம்ளர்களும் இடையில் ஒரு பூவும் இருக்கும். இரட்டைக் குவளையின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு சட்டகம் போதும். அதியன் ஆதிரையின் ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’, தமிழ் இயக்கிய ‘சேத்துமான்’ என்று அடுத்தடுத்துப் புதியவர்கள் வந்தார்கள். 2024 ஜனவரியில் வந்த ‘ப்ளூ ஸ்டார்’ நம் ரயில் பாதையின் மறுமுனையான அரக்கோணத்துக் கிரிக்கெட் கதை. இயக்கியவர் எஸ்.ஜெயக்குமார். நாம் தினமும் ஏறும் ரயில் போகும் ஊர் ஒரு முழுப் படத்துக்குக் களமானது.

உதவி இயக்குநர்கள் உட்கார்ந்து படிக்கவும் படம் பார்க்கவும் 2018-ல் வளசரவாக்கத்தில் ‘கூகை’ திரைப்பட இயக்கம் நூலகத்தைத் திறந்தது. சொந்தமாகப் புத்தகம் வாங்க முடியாமல் சென்னையில் அறை எடுத்துத் தங்கும் கிராமத்துப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த நிலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். ‘நீலம்’ மாத இதழும் பதிப்பகமும் வந்தன. கவின்கலைக் கல்லூரி இருக்கும் அதே எழும்பூர்ப் பகுதியில் நீலம் புத்தகக் கடை இருக்கிறது. 2018 டிசம்பர் இறுதியில் மூன்று நாட்கள் ‘வானம்’ கலைவிழா நடந்தது. இப்போது ஏப்ரல் மாதத்தைத் தலித் வரலாற்று மாதமாகக் கொண்டாடி ஓவியம், ஒளிப்படம், நாடகம், இலக்கியம் என்று நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அதில் பி.கே.ரோசி பெயரில் திரைப்பட விழாவும் உண்டு. மலையாளத்தின் முதல் படத்தில் நாயகியாக நடித்த தலித் பெண் ரோசி. நாயர் பெண்ணாக வேடமிட்டதற்காகத் தாக்கப்பட்டு, தமிழ்நாட்டுக்குத் தப்பி வந்து, அடையாளம் மறைத்து வாழ்ந்து மறைந்தவர். அவருக்கு ஒரு திரை கிடைக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

நாம் முதலில் சொன்ன சுவரோவியத்தை இங்கே நினைவுபடுத்தலாம். வரைகிறவன் மேலே நிற்கிறான். கீழே நாலு பேர் ஏணியைப் பிடித்திருக்கிறார்கள். மேலே போய்விட்டவர்கள் இறங்கி வந்து அடுத்தவருக்கு ஏணி பிடிப்பது நம் சமூகத்தில் அதிகம் நடப்பதில்லை. ரஞ்சித்தின் பயணத்தில் நாம் பெரிதாக மதிப்பது அதைத்தான்.

வெளியிலும் இதே கதை

பல துறைகளில் கை வைப்பது ஒடுக்கப்பட்ட கலைஞர்களுக்கு ஒருவகைக் கட்டாயமாகவே இருந்திருக்கிறது. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் கார்டன் பார்க்ஸ் 1912-ல் கான்சஸ் மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். அடகுக் கடையில் வாங்கிய பழைய கேமராவில் படம் எடுக்கத் தொடங்கினார். 1942-ல் வாஷிங்டன் அரசு அலுவலகத்தில் துப்புரவுப் பணி செய்த எல்லா வாட்சன் என்ற பெண்ணை, அமெரிக்கக் கொடியின் முன்னால் துடைப்பத்தோடு நிற்கவைத்து அவர் எடுத்த படம் இன்றும் பேசப்படுகிறது. பிறகு ‘லைஃப்’ இதழின் முதல் கறுப்பின ஒளிப்படக்காரரானார். எழுதினார், இசையமைத்தார். 1969-ல் பெரிய ஹாலிவுட் நிறுவனம் ஒன்றுக்குப் படம் இயக்கிய முதல் கறுப்பினத்தவரானார். ஒரு கதவு மூடினால் இன்னொரு கதவைத் தட்ட வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு கருவி போதுவதில்லை.

நம் நாட்டிலேயே நாக்பூரில் பிறந்த சவி சாவர்க்கர் இருக்கிறார். பேஷ்வாக்கள் காலத்தில் எச்சில் தரையில் விழாமலிருக்கக் கழுத்தில் கலயத்தையும், காலடித்தடம் அழிய இடுப்பில் துடைப்பத்தையும் கட்டிக்கொண்டு நடக்கவைக்கப்பட்ட மனிதரை ஓவியத்திலும் அச்சோவியத்திலும் திரும்பத் திரும்ப வரைந்தவர். காட்சிக்கூடத்தின் வெள்ளைச் சுவரில் அந்த மனிதர் தொங்கும்போது பார்க்கிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது.

மாணவர்களுக்கு

இதைப் படிக்கும் வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, திருநின்றவூர் பக்கத்துப் பிள்ளைகளே, எல்லோரும் சினிமாவுக்குப் போங்கள் என்று நாம் சொல்லவில்லை. சினிமாவில் தோற்றவர்களின் கணக்கு வென்றவர்களைவிட மிகப் பெரியது. ஆனால் வரையத் தெரிந்த கைக்கு அரசே நடத்தும் கல்லூரி ஒரு ரயில் பயணத் தூரத்தில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிளஸ் டூ முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். மதிப்பெண் மட்டும் போதாது, வரைதிறன் தேர்வு எழுத வேண்டும். ஓவியம், சிற்பம், காட்சித் தொடர்பு வடிவமைப்பு, துணி வடிவமைப்பு, சுடுமண் வடிவமைப்பு என்று பிரிவுகள் உண்டு. கும்பகோணத்திலும் இப்படி ஓர் அரசுக் கல்லூரி இருக்கிறது. படித்தவர்களுக்கு விளம்பரம், அச்சு, அனிமேஷன், பள்ளி ஆசிரியர் பணி, திரைத்துறைக் கலைப்பிரிவு என்று வேலை வாய்ப்புகள் இருக்கின்றன. ‘சோத்துக்கு என்ன பண்ணுவ’ என்ற கேள்விக்கு இவையும் பதில்தான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் வரைந்தால் கிழித்துப் போடாதீர்கள். பெண் பிள்ளையாக இருந்தால் இன்னும் கவனமாக அந்த நோட்டை எடுத்து வையுங்கள். நம் ஊர்ச் சுவர்களில் ஏணி மேல் பெண் பிள்ளை நின்று நாம் இன்னும் பார்க்கவில்லை.

அடுத்த ஏப்ரலுக்கு அதிக நாள் இல்லை. சுவருக்கு வெள்ளையடிக்கும்போது வரைகிற பிள்ளையிடம் கல்லூரி விண்ணப்பம் எப்போது தருகிறார்கள் என்று விசாரித்தாயா என்றும் கேளுங்கள். விசாரிக்கவில்லை என்றால், விழாக் குழுவில் யாராவது ஒருவர் அந்தப் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஒருநாள் சென்ட்ரல் வரை போய் வாருங்கள்.